அடுக்களைத் தரைக்கு அடியில் ஒரு குழாய்

அத்தியாயம் பதினான்கு

ஐம்பது வயதுப் பெண்பிள்ளை கணவனுக்குத் தெரியாமல் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. பக்கத்து வீட்டாருடன் மேட்னி ஷோ போகலாம். மகள் வீட்டுக்கு ஒரு டின் முறுக்கு அனுப்பலாம். வீட்டில் இருக்கும் அத்தனை தண்ணீர்க் குழாயையும் ஒரே பகலில் பிடுங்கிப்போட்டுப் புதுசு மாட்டுவது அந்தப் பட்டியலில் சேராது. கடம்பங்குடி சௌந்தரநாயகி ஆச்சி போன வாரம் சபதம் போட்டது அதைத்தான்.

"அடுத்த வாய்தாவுக்கு அவர் பஸ் ஏறட்டும் ஜெயா. திரும்பி வர்றதுக்குள்ள இந்த வீட்டுல ஒரு பழைய குழாய் இருக்கக் கூடாது."

அந்த வாய்தா இன்றைக்கு.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. ஆச்சியின் கணவர் காயாரோகணம். அவருடைய அப்பா பினாங்கிலிருந்து கப்பலில் இரும்புக் குழாய் கொண்டுவந்து வீடு முழுக்கப் போட்டவர். கிணற்றடி மேல்தொட்டியின் காரைப் பூச்சில் 1938 என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். நாற்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. மோட்டார் ஏற்றும் தண்ணீர் தொட்டி நிறைய நிற்கிறது, இறங்கத்தான் வழியில்லை. குளியலறைக் குழாய் சிவப்பாகச் சொட்டும். அடுக்களைக் குழாய் மூன்று வருஷமாகச் செத்துக் கிடக்கிறது.

"அப்பா போட்ட குழாய். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்பது காயாரோகணம் போட்ட சட்டம். சட்டம் போட்டவர் கிணற்றடியில் குளித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். நாளுக்கு நாற்பது குடம் இறைத்துத் தூக்குவது ஆச்சியும் மருமகள் ஜெயாவும். ஜெயாவுக்கு இப்போது நாலாவது மாதம். போன வருஷம் வந்தது தங்கவில்லை. "குடம் தூக்கினியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்ட கேள்வியை ஜெயா மறக்கப் பார்த்தாள். ஆச்சி மறக்கத் தயாராக இல்லை.

இனி அந்த வாய்தா. கொல்லைக்குப் பின்னால் மூன்று குடிசைகள். முதல் குடிசை எல்லையம்மாளுடையது. குடியிருக்கும் மனை அவரவருக்கே என்று சட்டம் வந்த பிறகு பட்டா கேட்டு மனுப் போட்டாள். "எங்களக் குடிவச்சது பெரியய்யா, இவரோட அப்பா. எங்க வாசல்ல குழாய்கூடப் போட்டுக் குடுத்தாரு" என்பது அவள் கட்சி. "பத்து வருஷத்துக்கு முன்னே அத்துமீறி வந்து ஒட்டிக்கொண்டவர்கள். என் வீட்டுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்பது காயாரோகணம் எழுதிக் கொடுத்த பதில். "குடிசை வாசல்ல குழாயாம்! விட்டா ஷவர்ல குளிச்சேன்னு சொல்லுவா" என்று அவர் சொன்னதற்குப் போன வாய்தாவில் தாலுகா ஆபீஸ் வராந்தாவே சிரித்ததாம்.

ஆகவே இன்று காலை ஏழு மணி பஸ்ஸில் முன்பக்கமாகக் காயாரோகணமும் மகன் உலகநாதனும் திருவாரூருக்கு ஏறினார்கள். பின்பக்கமாக எல்லையம்மாள், விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருவரோடு ஏறினாள். பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதுதான் தாமதம், ஆச்சி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வரச் சொல்லுடி!"

வந்து நின்றவனைப் பார்த்து ஜெயா ஒரு எட்டுப் பின்வாங்கினாள். அப்துல் வஹாப் கடையிலிருந்து பைப் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ராசு. எல்லையம்மாளின் மகன்! தஞ்சாவூரில் பெரிய கட்டட வேலைகளில் குழாய் மாட்டப் பழகி, இப்போது திருவாரூரில் பெயர் வாங்கியிருக்கும் பிளம்பர். இருந்தாலும் எதிராளியின் மகன் அல்லவா?

"அத்தை, வேற ஆளே கிடைக்கலியா?"

"கிடைச்சாங்க. எனக்கு இவன்தான் வேணும்."

அடுக்களை நிலைப்படிக்கு வெளியே ராசு நின்றுவிட்டான். அவன் வீட்டார் யாரும் இதுவரை தாண்டாத படி அது.

"உள்ள வரலாமா ஆச்சி?"

"குழாய் உள்ளதானே இருக்கு? வெளிய நின்னா மாத்துவ? வா."

வந்தான். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. ஜெயாதான் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வையில் பயம் பாதி, சந்தோஷம் பாதி.

முதலில் குளியலறை. ராசு ரம்பத்தால் அறுத்து இழுத்த முதல் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். இரண்டு விரல் நுழைய வேண்டிய குழாயில் ஒரு பென்சில்கூட நுழையாது. உள்ளே அப்படித் துருக்கட்டி.

"இந்த மாதிரிக் குழாய்த் தண்ணியையா இத்தனை வருஷம் குடிச்சீங்க?" என்று ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான் ஒடம்புல இரும்புச் சத்துக்குக் குறைச்சலே இல்ல" என்றார் ஆச்சி. மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் வேலை நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

வண்டியிலிருந்து சாம்பல் நிற பிளாஸ்டிக் பைப் ஒன்றை ஜெயா ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். இருபது அடி நீளம் சுளுவாக எழுந்தது. தஞ்சாவூரில் அவள் பிறந்த வீட்டிலேயே இது இன்னும் வரவில்லை.

"இதெல்லாம் தாங்குமா ராசு? மாமா பிளாஸ்டிக் குடத்தையே வீட்டுக்குள்ள விட மாட்டாரு."

"துருப்பிடிக்காதுங்க சின்னம்மா. வெயில் படாம வச்சா நம்ம காலத்துக்கும் கிடக்கும். இதை எத்தனை வேணும்னாலும் தூக்குங்க. குடத்தை மட்டும் தூக்காதீங்க. ஆச்சி சொன்னாங்க."

ஜெயாவுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பசையின் நெடி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அறுப்பதும், முனையைத் தேய்ப்பதும், பசை தடவிச் செருகி நூறு எண்ணும்வரை பிடித்துக்கொள்வதுமாக வேலை பறந்தது. எண்ணும் பொறுப்பை ஜெயா எடுத்துக்கொண்டாள். ஆச்சி அறுபது வந்ததுமே "போதும், போதும்" என்றார். ராசு "நூறு ஆச்சி, நூறு" என்றான். பத்தரைக்குள் குளியலறை முடிந்தது. பன்னிரண்டுக்குள் கொல்லைப்புறமும் தொழுவமும் முடிந்தன. மிச்சம் அடுக்களை. சாயங்காலம் நாலரை பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"அடுக்களைக்குத் தரையை உடைக்க வேணாம் ஆச்சி. சுவரோரமா கிளாம்ப் அடிச்சு ஓட்டிடலாம்" என்றான் ராசு. "பழசு கீழயே கிடந்துட்டுப் போகுது."

"கிடக்கக் கூடாது. தோண்டு."

"ஒரு மணி நேரம் வீணாப் போகும் ஆச்சி."

"போகட்டும். தோண்டுங்கறேன்ல?"

அத்தையின் குரல் மாறிப்போனதை ஜெயா கவனித்தாள். சிரித்துக்கொண்டிருந்த மனுஷி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராசு கடப்பாரையால் தரையில் பாவியிருந்த தட்டோட்டைப் பெயர்த்தான். முழங்கால் ஆழத்தில் இரும்புக் குழாய் தெரிந்தது. தொட்டிப் பக்கத்திலிருந்து வந்து, மேலே அடுக்களைக் குழாய்க்கு ஏறியது. அங்கேயே முடிய வேண்டியது. முடியவில்லை.

"இதென்ன, டீ போட்டிருக்கு?"

மூன்று வாய் வைத்த இணைப்பு அது. ஒரு வாய் தொட்டியிலிருந்து, ஒரு வாய் மேலே அடுக்களைக்கு. மூன்றாவது வாயில் ஒரு அடைப்பு முடுக்கியிருந்தது. அந்த அடைப்புக்கு ஒரு சாண் தள்ளி, அதே நேரில் இன்னொரு குழாய் மண்ணுக்குள் புறப்பட்டுக் கொல்லைச் சுவரின் அடியில் நுழைந்தது.

"நடுவுல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு அடைச்சிருக்காங்க" என்றான் ராசு. மண்ணை விரலால் வழித்துத் தடவிப் பார்த்தான். "டீ பழசு. கொல்லைப் பக்கம் போற குழாயும் மத்த குழாயும் ஒண்ணாப் போட்டது, அதே மரை, அதே துரு. அடைப்பு மட்டும் பொறவு போட்டது. இந்த லைன் எங்க போகுது ஆச்சி? சுவருக்கு அந்தப் பக்கம் இந்த வீட்டுக் குழாய் ஒண்ணும் கிடையாதே?"

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராசு மெல்ல எழுந்தான். குழாய் போகும் நேரைப் பார்த்தான். பின்வாசல் வழியே, கொல்லையின் கோடியில் திறந்திருந்த கதவைப் பார்த்தான். கதவுக்கு அப்பால், அதே நேரில், அவன் பிறந்த குடிசையின் வாசல் தெரிந்தது.

"சின்னம்மா, அந்த நூல்கண்டை எடுங்க" என்றான்.

டீயில் நூலைக் கட்டி, குழாயின் நேரிலேயே இழுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் தாண்டினான். ஜெயா நூல்கண்டை அவிழ்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்தக் கதவுக்கு வெளியே அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

நூல் எல்லையம்மாளின் வாசற்படிக்கு இரண்டு முழம் முன்னால் வந்து நின்றது. ராசு கடப்பாரையை ஓங்கி இறக்கினான். மண். அரைச் சாண் தள்ளி இறக்கினான். மறுபடி மண். இந்தப் பக்கம் இறக்கினான். அதுவும் மண்.

"மெதுவா, ராசு. நூல் இடப்பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கு பாருங்க" என்றாள் ஜெயா.

நூலைச் சரிசெய்துகொண்டு நாலாவது தடவை இறக்கினான்.

டங்!

ராசு கடப்பாரையை விட்டுவிட்டுக் கையாலேயே மண்ணைப் பறித்தான். ஜெயாவும் மண்டிபோட்டுப் பறித்தாள். ஒரு முழ ஆழத்தில் செங்குத்தாக ஒரு குழாய்த் தலை, மேலே துணியடைத்து, துருவேறி, ஆனால் உறுதியாக நின்றது.

"பொய் சொல்லல" என்றான் ராசு. "எங்கம்மா பொய் சொல்லல சின்னம்மா! அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானே நம்பல. வயசாகிக் குழம்புதுன்னு நெனச்சேன்."

அவன் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். ஜெயாவுக்கும் கூச்சல் போட வேண்டும்போல இருந்தது. 1938-ல் போட்ட குழாய் இந்த வாசலுக்கு வருகிறது என்றால், 1938-லேயே இங்கே வாசல் இருந்தது என்று அர்த்தம். பத்து வருஷத்துக்கு முன் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு யார் முன்கூட்டியே குழாய் போட்டு வைப்பார்கள்?

அடுத்த நிமிஷம் அவளுக்கு உறைத்தது. அப்படியானால் மாமா எழுதிக் கொடுத்தது?

திரும்பி ஓடினாள். ஆச்சி குழியின் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

பின்னாலேயே வந்த ராசு நிலைப்படியில் நின்றான். ஆச்சி அவனைப் பார்த்தே பேசினார்.

"என் மாமனார் உங்க மேல இரக்கப்பட்டெல்லாம் குழாய் போடலப்பா. நீங்க தண்ணிக்குக் கிணத்தடிக்கு வந்துடக் கூடாதுன்னு போட்டார். வீட்டுக் கிணத்துல உங்க நிழல் விழக் கூடாது, அதுக்காக வாசலுக்கே தண்ணியக் கொண்டுபோய் விட்டார். அவர் போன மறுவருஷம், அம்பத்திரண்டுல பண்ணையாள் சட்டம் வந்துச்சே, அந்த வருஷம் கூலி கேட்டு யாரும் அறுப்புக்கு வரல. இவருக்குக் கோபம். ஒரு மத்தியானம் இவரே குனிஞ்சு இந்த அடைப்பை முடுக்கினார். குறடு எடுத்துக் குடுத்தது நான். எதுக்குன்னுகூடக் கேக்கல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மறுநாள் உங்கம்மா கைக்குழந்தையோட கொல்லைக் கதவுல வந்து நின்னா. 'ஆச்சி, தண்ணி வரல'ன்னா. துருப்பிடிச்சிருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தக் குழந்தை நீதான் ராசு."

ராசுவின் முகத்தில் வந்து போனது கோபமா, வேறு ஏதாவதா என்று ஜெயாவுக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்தாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் ஆச்சி சொல்லல?"

"அவரை எதுத்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்ல. வாயைத் தொறந்து சொல்லத் தைரியம் வரல. நீ தோண்டினா தானா வெளிய வந்துடும்னு கூப்பிட்டேன். கோழைத்தனந்தான்."

ராசு கடப்பாரையைச் சுவரில் சாத்தினான். "அடுக்களை லைனை முடிச்சுடறேன்" என்றான். "எடுத்த வேலையப் பாதியில விட்டா என் தொழிலுக்கு மரியாதை இல்ல."

சுவரோரமாகப் புது பைப் ஓடியது. நூறு எண்ணும்போது ஜெயாவின் குரல் மட்டும் கேட்டது. பழைய டீ குழிக்குள் அப்படியே கிடந்தது. கடைசி இணைப்புக்கு ராசு தொட்டியின் மேல் ஏறினான்.

அப்போது வாசலில் கார் ஹாரன்!

நாலரை பஸ்ஸைத்தானே எண்ணிக்கொண்டிருந்தோம்? மணி நாலு பத்து. வக்கீல் தம்முடைய காரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். காயாரோகணம் உற்சாகமாக உள்ளே வந்தார்.

"சௌந்தரம்! நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரியே நேர்ல வந்து பாக்கறாராம். குழாய் இருந்துச்சுன்னு அந்தப் பொம்பளை ஒத்தக் கால்ல நிக்கிறா. வரட்டும், நல்லா வரட்டும். தோண்டிக்கூடப் பாக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன். வாசல் மண்ணு மேடேறிப் போச்சு, எங்கன்னு தெரிஞ்சாத்தானே தோண்டுவாங்க…"

பேச்சு பாதியில் நின்றது. முற்றம் நெடுகப் பழைய குழாய்த் துண்டுகள். அடுக்களையில் குழி. குழியில் டீ. டீயில் கட்டிய நூல் கொல்லைக் கதவைத் தாண்டி நீண்டு போயிருந்தது.

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பின்னால் வந்த உலகநாதன் ஒன்றும் புரியாமல் "இதென்னப்பா குழாய்?" என்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தொட்டிமேல் இருந்த ராசு, கீழே நடப்பது தெரியாமல் வால்வைத் திறந்தான். அடுக்களைக் குழாய் இரண்டு தடவை இருமியது. காற்றைத் துப்பியது. பிறகு மூன்று வருஷமாக வராத தண்ணீர், கண்ணாடியாகக் கொட்டியது. கை தடிமனுக்குக் கொட்டியது! காயாரோகணம்கூட ஒரு விநாடி எல்லாவற்றையும் மறந்து அதைப் பார்த்தார். ஜெயா ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். முழங்கை வரைக்கும் சில்லென்றது.

"உலகு" என்றார் காயாரோகணம். "மண்வெட்டிய எடு. மூடு."

"அப்பா…"

"விடியறதுக்குள்ள தட்டோடு பாவியாகணும். மூடுடா!"

உலகநாதன் மண்வெட்டியை எடுத்தான். ஆச்சி குழிக்குள் இறங்கினார். இறங்கி, அந்த டீயின் பக்கத்தில் ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்து உள்ள போ சௌந்தரம்."

"மாட்டேன்."

முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்பது இதுதான் முதல் தடவை. சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாளைக்கு அதிகாரி வர்றப்ப இது இங்க இருக்கணும். அடைச்சது நீங்க, குறடு குடுத்தது நான்னு சொல்லப்போறேன். மூடறதா இருந்தா என்னையும் சேத்து மூடுங்க."

உலகநாதன் அப்பாவைப் பார்க்கவில்லை. ஜெயாவைப் பார்த்தான். ஜெயா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகன் கையிலிருந்த மண்வெட்டியைக் காயாரோகணம் பிடுங்கினார். மண்ணை அள்ளினார். அள்ளிவிட்டு, மனைவியின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில் நாலரை பஸ் பாலத்தில் திரும்பும் சத்தம் கேட்டது. அடுக்களைக் குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. மண்வெட்டி அவர் கையிலேயே நின்றது. ஐந்து நிமிஷம் இருக்கும், கொல்லைக் கதவுக்கு அப்பாலிருந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எல்லையம்மாளின் குரல் மூன்று தெருவுக்கும் கேட்கிறாற்போல் எழுந்தது.

"எல்லாரும் ஓடியாங்க! என் வாசல்ல குழாய் இருக்கு! நான் சொன்ன குழாய் இருக்கு!"